மணல்மேட்டு வேலை

தீபாவளியோடு அடைத்த பட்டாசுக் கம்பெனி திங்கட்கிழமை பூஜை போட்டுத் திறக்கிறது. திறந்தாலும் என் வீட்டுக்காரர் கதிரவன் அந்த வெடிமருந்து ரூமுக்குள் கால் வைக்கக்கூடாது. என் மனசில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. போன பங்குனியில் அங்கே ஒரு ரூம் வெடித்தபோது உயிரோடு வெளியே வந்தவர் அவர். அப்புறமும் அங்கேயேதான் வேலைக்குப் போனார். நான் சிவகாசியில் காலண்டர் ஒட்டிக்கொண்டு இருப்பேன். பக்கத்தில் யாருக்காவது போன் வந்தால்கூட கை வேலையைப் போட்டுவிட்டு அவர்கள் முகத்தையே பார்ப்பேன். இது ஒரு பிழைப்பா?

என் பிரிண்டிங் கம்பெனி முதலாளி மகன் மகேஷ்குமார் இருக்கன்குடிப் பக்கம் ஆற்றோரமாக இருக்கும் தங்கள் மணல்மேட்டில் ஏ.டி.வி. விடப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் விடுவேனா? ஏ.டி.வி. என்றால் தடித்தடியாக நாலு சக்கரம் வைத்த பைக். காசு கொடுத்துச் சவாரி செய்ய வருகிறவர்களைப் பின்னால் உட்காரவைத்து மேட்டில் ஏற்றி இறக்க ஆள் வேண்டுமாம். நச்சரித்து நச்சரித்து அவரிடம் ட்ரையலுக்குச் சம்மதம் வாங்கினேன். ட்ரையலில் நன்றாக ஓட்டினால் வேலை நிச்சயம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். போனதும் மனுஷன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு வண்டிப் பக்கம் போய் நிற்கிறார்! உரசித் தீப்பொறி பறக்கும் என்று மருந்து ரூமுக்குள் செருப்போடு விடமாட்டார்கள், அந்தப் பழக்கம். எனக்கு மானமே போயிற்று. வண்டி ஓட்டப் பழக்கும் நல்லசிவம் சிரித்துக்கொண்டே ஒரு ஷூவும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுத்தார்.

நல்லசிவம் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார். ஏறும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். உச்சி வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. சரிவில் வண்டியைக் குறுக்கே திருப்பினால் உருண்டுவிடும். காலைக் கீழே ஊன்றினால் சக்கரம் இழுத்துவிடும். வண்டி பின்னால் சரிந்தால் பதறி பிரேக்கை அழுத்தக்கூடாது, கொஞ்சங்கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். என்ன ஆனாலும் கைப்பிடியை விட்டுக் குதிக்கவே கூடாது.

தனியாக ஓட்டியபோது ஒரு குறை சொல்ல முடியவில்லை. எனக்குப் பெருமையில் நிற்கக்கூட முடியவில்லை. அடுத்து ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்றார்கள். பின்னால் நான்தான் உட்காருவேன் என்று முந்திக்கொண்டேன்.

வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. முக்கால் மேடு தாண்டியிருக்கும். ரெண்டு பேர் பாரத்தில் எஞ்சின் சூடேறி, ரேடியேட்டரிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஆவி கக்கியது. அவ்வளவுதான். எனக்கு முன்னால் ஆளைக் காணோம். கைப்பிடியை விட்டுக் குதித்து, மணலில் விழுந்து எழுந்து, திரும்பியே பார்க்காமல் வெட்டவெளியைப் பார்த்து ஓடுகிறார்.

வண்டி என்னோடு பின்னால் சரிந்தது. மாரியாத்தா என்று கத்திக்கொண்டு முன்னால் கவிழ்ந்து, எட்டிக் கைப்பிடியைப் பற்றி, பிரேக்கைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிடித்தேன். கீழே பொலபொலப்பான மணலில் பின்சக்கரம் புதைந்து வண்டி நின்றது. வண்டியை விட்டு இறங்கினேன். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

மகேஷ்குமார் முகத்தில் அடித்தாற்போல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஏற்றிக்கொண்டு போகிறவரை நடுவில் விட்டுவிட்டு ஓடுகிற ஆளை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார். நியாயம்தானே? இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். சரி என்று அவரும் இரங்கினார். வேண்டாம் என்றது என் வீட்டுக்காரர்தான்.

"மறுபடி சத்தம் வந்தா மறுபடியும் ஓடிருவேன் சார். சின்னப் பிள்ளைகள ஏத்திக்கிட்டு இருந்தாலும் ஓடிருவேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சாத்தூர் தாண்டும்வரை ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் அடக்க முடியாமல், ஓடுகிற பைக்கிலேயே அவர் முதுகில் ஒன்று போட்டேன்.

"பொண்டாட்டி பின்னால இருக்காளேன்னு ஒரு நெனப்புகூட வரலயா உங்களுக்கு?"

அவர் பைக்கை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். திரும்பாமலே பேசினார்.

"வரல பானு. அன்னைக்கு ரூம் வெடிக்கிறதுக்கு முன்னாலயும் இதே மாதிரி 'உஸ்ஸ்'னுதான் சத்தம் வந்துச்சு, அப்பவும் யாரு நெனப்பும் வரல. கோட்டைச்சாமி அண்ணனுக்குத்தான் வந்துச்சு. வாசல்வரைக்கும் எங்கூட வந்தவரு, உள்ள இருந்த பொண்டாட்டி வள்ளித்தாய் மதினியக் கூப்பிடத் திரும்புனாரு. ரெண்டு பேருமே வெளிய வரல."

இதை இத்தனை மாதமாக அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அவர் தோள் குலுங்கியது. பின்னால் உட்கார்ந்தபடியே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

வேறு வேலை ஒன்றும் வீடு தேடி வந்துவிடவில்லை. திங்கட்கிழமை காலையில் தாயில்பட்டி போகும் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. போகாதீர்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி என்ன செய்ய? சோற்று வாளியைக் கொடுத்தேன். அவர் வாங்கியும் என் கை அதை விடவில்லை.

"இந்தா பாருங்க, அங்கன சத்தம் கேட்டா, நேத்து ஓடுனீகளே, அதே மாதிரி ஓடிரணும். எந்நெனப்பு வரவே கூடாது."

சரி என்று தலையாட்டினார். அப்புறம்தான் வாளியை விட்டேன்.