கவிழ்த்து வைத்த நோட்டுகள்

ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். குறைகளுக்குப் பத்து வரி, நிறைகளுக்கு ஒரே வரி. அதைத் தயாரித்தவரும் என்னைப் போலக் கணக்கு டீச்சராகத்தான் இருந்திருப்பார்.

கடைசி பெஞ்சுக்காரிக்கு அந்தப் பத்து வரியும் போதவில்லை. வகுத்தல் வராது, வாய்ப்பாடு மண்டையில் ஏறாது, கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்ப்பாள். தூங்குமூஞ்சி என்று நான் வைத்த பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. பதினோராவது குறையை, ஓர் அம்புக்குறி போட்டு, நிறைக்கான வரியில் எழுதி முடித்தேன்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியை அந்தத் தாளை என் முன்னால் வைத்தார்.

"என்ன டீச்சர், குறை எழுத இடம் பத்தலையா?"

"உள்ளதைத்தானே மேடம் எழுதினேன்."

"இதை வெச்சுத்தான் நாளைக்கு அவளை மேல அனுப்பறதா, இங்கேயே நிறுத்தறதான்னு முடிவு பண்ணணும். இப்படியே போனா நிறுத்திடுவாங்க. அந்த ஒரு வரியை எழுதிட்டு சாயங்காலம் கொடுங்க."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். கல்லில் நார் உரிக்கச் சொல்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே வகுப்புக்குப் போனேன்.

திருத்திய பரீட்சை நோட்டுகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலை எப்போதும் அவளுக்குத்தான். எழுந்து நடந்தாலாவது தூக்கம் கலையட்டும் என்று நான் கொடுத்தது. வழக்கமாக அந்த நேரத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாக அவளையே பார்த்தேன்.

சில நோட்டுகளை மார்க் தெரியும்படி விரித்து வைத்தாள். சிலவற்றைக் கவிழ்த்து வைத்தாள். சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கவிழ்ந்தவை எல்லாம் ஃபெயில் ஆனவர்களுடையவை.

மணி அடித்ததும் கூப்பிட்டேன். "ஏன் அப்படிக் கவுத்து வெச்ச?"

பயந்துவிட்டாள். "பக்கத்துல இருக்கறவங்க பாத்து சிரிப்பாங்க டீச்சர்."

"எப்பலேர்ந்து இப்படிப் பண்றே?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அவளுடைய நோட்டு மட்டும் விரிந்து கிடந்தது. சிவப்பு மையில் நான் போட்ட இரண்டு மார்க், இங்கிருந்தே தெரிந்தது.

"உன்னோடதை ஏன் கவுக்கல?"

"எனக்குப் பழகிடுச்சு டீச்சர்."

வெட்கத்தில் காது சூடேறியது. ஒரு வருடமாக என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நான் தூங்கிக்கொண்டிருந்துவிட்டு, அவளைத் தூங்குமூஞ்சி என்றிருக்கிறேன்.

புதுப் படிவம் வாங்கி எழுதினேன். நிறைக்கு ஒரு வரி போதாமல், அம்புக்குறி போட்டு மேலே குறைகளின் இடத்துக்கும் போனேன். தலைமை ஆசிரியை படித்துவிட்டு, "கணக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் வரல மேடம். மேல அனுப்புங்க. தினமும் அரை மணி நேரம் நான் பாத்துக்கறேன்."

அனுப்புவதென்று முடிவானது.

ஆண்டு முடியும் முன் நடந்த அடுத்த பரீட்சையில் அவளுக்கு ஒன்பது மார்க். அப்போதும் ஃபெயில்தான். அவள் நோட்டுகளைக் கொடுக்க எழுந்தபோது, அவளுடையதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். கடைசி பெஞ்சு வரை நடந்துபோய், அதைக் கவிழ்த்து வைத்தேன்.