என்பது தவறு

ஒரு வருஷத்துக்கு முன்னூத்தி அறுபத்தஞ்சு துணுக்கு எழுதணும். லீப் வருஷம்னா கூட ஒண்ணு. அந்த ஒண்ணுதான் உயிரை வாங்கும்.

தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் இருக்கில்ல, அதுல தேதி பெருசா இருக்கும், அடியில கடைக்காரர் விளம்பரம் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல பொடி எழுத்துல ரெண்டு மூணு வரி வரும் பாருங்க, அதை எழுதுறது நான்தான். வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். பல் தேய்ச்சுக்கிட்டே படிச்சுட்டு, கசக்கிக் குப்பையில போட்டுட்டுப் போற சமாச்சாரம். ஆனா தேதிக்குப் பொருத்தமா இருக்கணும். மழை மாசத்துல தவளை, வெயில் மாசத்துல ஒட்டகம், பரீட்சை மாசத்துல மூளை. மாசத்துல ரெண்டு நாள் வீட்டுக் குறிப்பு. பதினாறு வருஷமா இதே பிழைப்பு. அச்சகத்துல எனக்குப் பேரே துணுக்கும்மா.

அந்தப் பேரை வச்சது பெருக்குற அக்கா. அச்சகம் முழுக்கப் பெருக்கி, கழுவி, டீ வாங்கிட்டு வர்றது அவங்கதான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவங்க. தினம் பதினோரு மணிக்கு என் மேஜைக்குப் பக்கத்துல கால் நீட்டி உக்காருவாங்க. "என்ன துணுக்கும்மா, இன்னிக்கு என்ன புளுகு?"ன்னு கேப்பாங்க. நான் புதுசா எழுதினதை வாசிச்சுக் காட்டுவேன். வீட்டுக் குறிப்பை மட்டும் வாசிக்க மாட்டேன், அதுல சிரிப்பு ஏது?

"கடல்குதிரையில ஆம்பளைதான் குட்டி போடும்க்கா."

"அடி ஆத்தி! இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா கடல்குதிரையையே கட்டியிருப்பேனே!"

அப்படிச் சிரிப்பாங்க. அவங்க சிரிக்கலைன்னா அந்தத் துணுக்கை நான் தூக்கிப் போட்டுடுவேன். எனக்கு அவங்கதான் பரீட்சை. எழுத்து தெரியாத மனுஷிக்கே புரியுதுன்னா ஊருக்கே புரியும்னு ஒரு கணக்கு.

போன வருஷம் காலண்டர் அச்சுக்குப் போற நேரத்துல முதலாளி ஒரு புது வில்லங்கத்தோட வந்தார். நிறைய காலண்டர் வாங்குற ஜவுளிக்கடைக்காரர் சண்டைக்கு வந்துட்டாராம். அவர் பொண்ணு கல்யாணத்தன்னிக்குத் தாளைக் கிழிச்சா, சில சிலந்திகளில் பெண் ஆணைத் தின்றுவிடும்னு போட்டிருக்கு. எழுதின மகராசி நான்தான். எனக்கு எப்படித் தெரியும் அவர் பொண்ணு கல்யாணம்?

"காலங்காத்தால ஜனங்க கண்ணு முழிக்கிற தாளும்மா இது. இனிமே கெட்ட வார்த்தையே வரக்கூடாது"ன்னு சொல்லி ஒரு சீட்டை நீட்டினார். சாவு, நோய், விஷம், ஆபத்து, தவறு.

"தவறுகூடவாங்க?"

"ஆமாம்மா. எந்திரிச்சதும் தவறுன்னு படிச்சா நாள் விளங்குமா?"

என் துணுக்குல பாதி அதுலதான் ஓடுது. வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது தவறு. ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்பது தவறு. ஜனங்க நம்புறதைச் சொல்லி, கடைசியில ஒரு தட்டு தட்டினாத்தான் துணுக்கு ருசிக்கும். கம்ப்யூட்டர்ல பக்கம் போடுறவர் அந்த அஞ்சு வார்த்தையும் வர்ற தாளையெல்லாம் தேடி எடுத்து என் மேஜையில போட்டார். எழுபத்திரண்டு தாள். சாயங்காலத்துக்குள்ள முடிக்கணுமாம். முதலாளி தலைமாட்டுலயே நின்னுக்கிட்டு, "ஆச்சா, ஆச்சா"ன்னு நச்சரிச்சார். எனக்குக் கோவம் மண்டைக்கு ஏறிடுச்சு. முதல் அறுபதையும் ஒழுங்கா மாத்தி எழுதினேன். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு, இந்த மாதிரி. அப்புறம் மிச்சம் பன்னிரண்டுலயும் முதல்ல கெட்ட வார்த்தை வர்ற துண்டையெல்லாம் அடிச்சுடுவோம், பிறகு உக்காந்து வேற எழுதுவோம்னு சிவப்புப் பேனாவை எடுத்தேன். சரக் சரக்னு அடிச்சேன். அதுல ஒரு தாளுக்கு வேற எழுத மறந்துட்டேன்.

ஒரே ஒரு தாள், ஜூன் பதினேழு. நான் எழுதியிருந்தது இது: கழிவறைக் கறை போக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து ஊற்றலாம் என்பது தவறு. விஷவாயு வரும். உயிருக்கு ஆபத்து.

அடிச்சதுபோக மிச்சம் என்ன இருக்குன்னு நீங்களே படிச்சுப் பாருங்க. முழுசா, அழகா, முற்றுப்புள்ளி வச்ச மாதிரி ஒரு வாக்கியம் நிக்குது. நம்ம பேச்சுல ஆமாவா இல்லையாங்கறது கடைசியிலதான் வரும். வாலை வெட்டினா சொன்னவன் சொன்னதுக்கே நேர்மாறாப் போயிடும். பக்கம் போடுறவர் நான் அடிச்சதை எடுத்துட்டார். அவர் வேலை அதுதானே. அச்சுக்குப் போற கடைசிப் பிரதியில சரின்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

இது என் கண்ணுல பட்டது இந்த வருஷம் ஜூன் பதினாலு. அடுத்த வருஷத்துக்கு எழுதும்போது பழசு திரும்ப வந்துடக்கூடாதுன்னு இந்த வருஷத்து ஃபைலைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். படிச்சேன். மறுபடியும் படிச்சேன். ரெண்டு லட்சம் காலண்டர். ரெண்டு லட்சம் சுவர்ல தொங்குது. இன்னும் மூணு நாள்.

முதலாளிகிட்ட ஓடினேன். படிச்சார். மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"யாரும்மா அதையெல்லாம் படிக்கிறா?"

"எல்லாரும் படிக்கிறாங்க. பேப்பர்ல ஒரு அறிவிப்பு கொடுத்துடலாங்க."

"கொடுத்து? எங்க காலண்டரைப் பார்த்தா செத்துப் போவீங்கன்னு நாமளே சொல்றதா? அடுத்த வருஷம் எவன் வாங்குவான்? இங்க நாப்பது பேர் சாப்பிடுறாங்க. நீ வாயைத் திறந்தே, நாளையிலேர்ந்து வராதே."

நான் வாயைத் திறக்கலை. பயம், வேறென்ன? நாப்பத்தியாறு வயசுல துணுக்கு எழுதுறவளுக்கு எவன் வேலை கொடுப்பான்? பேப்பர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடலை. இதை எந்தச் சாக்கும் சொல்லாம சொல்லிக்கறேன்.

திருட்டுத்தனமா என்னால ஆனதைச் செஞ்சேன். தெரிஞ்சவங்க வீட்டுக்கெல்லாம் போய், பேசிக்கிட்டே காலண்டர் பக்கம் நகர்ந்து, பதினேழாம் தேதியை மட்டும் உருவிடலாம்னு திட்டம். எங்க நாத்தனார் வீட்டுல கையும் களவுமா மாட்டினேன்.

"என்ன அண்ணி இது, வராத நாளைக் கிழிக்கிறீங்க? வீட்டுக்கு ஆகுமா? அவருக்கு வேற அன்னிக்கு இன்டர்வியூ!"

"ஒரு தப்பு விழுந்துடுச்சும்மா."

"தப்பு இருந்தா இருக்கட்டும். நாளைக் கிழிக்காதீங்க."

போற வீடெல்லாம் இதே பாட்டு. டீக்கடைக்காரர் என் கையைத் தட்டியே விட்டார். அப்புறம் கிழிக்கறதை விட்டுட்டு, ஒவ்வொருத்தர் காதுலயும் சொல்ல ஆரம்பிச்சேன். ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் கலந்துடாதீங்க, கலந்துடாதீங்க. பக்கம் போடுறவர்கிட்டச் சொன்னேன். பைண்டிங்ல இருக்கறவங்க ரெண்டு பேர்கிட்டச் சொன்னேன். பெருக்குற அக்கா வழக்கம்போலப் பதினோரு மணிக்கு வந்து உக்காந்தாங்க. சொல்ல வாயெடுத்தேன். இவங்க எங்க படிக்கப் போறாங்க, இவங்க வாயில விழுந்தா முதலாளி காதுக்கும் போயிடும்னு அடக்கிக்கிட்டேன்.

"என்ன துணுக்கும்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"தலைவலிக்கா."

அவங்களே ஓடிப்போய்ச் சூடா டீ வாங்கிட்டு வந்தாங்க.

பதினேழாம் தேதி போச்சு. பதினெட்டு, பத்தொன்பது, ஒரு வாரம். பேப்பரை வரிவரியா மேஞ்சேன். எங்கேயும் ஒண்ணும் இல்லை. காலண்டர் தாளுக்கு ஆயுசு ஒரு நாள்தானே, எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்னு நினைச்சப்ப வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. முதலாளி என்னைப் பார்த்து, "நான் சொன்னேன்ல?"ன்னார். ஆமா சொன்னீங்கன்னு சிரிச்சேன்.

ஜூலை ஆறாம் தேதி அந்த ஜவுளிக்கடைக்காரர் அடுத்த வருஷ ஆர்டர் பேச வர்றதா இருந்துச்சு. ரெண்டு நாளாவே முதலாளி தரையில நிக்கலை. "கக்கூஸைப் பார்த்தா வாந்தி வருது, பளிங்கு மாதிரி இருக்கணும்"னு பெருக்குற அக்காவைக் கத்திக்கிட்டே இருந்தார். எங்க அச்சகத்துக் கழிவறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே ஒரு விசிறி உண்டு, அது ஓடி நாலு வருஷம் ஆச்சு.

முதல்ல இருமல் சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம் ஒரு நெடி வந்துச்சு. மூக்குல ஏறினதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுபோச்சுங்கறேன், நீங்க நம்பணும், நாற்காலியை விட்டு எந்திரிக்கறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு. நனைஞ்ச துணியை மூக்குல கட்டிக்கிட்டுப் பக்கம் போடுறவர்தான் கதவை உடைச்சுத் தூக்கிட்டு வந்தார். அக்கா வாயைத் திறந்து திறந்து மூடினாங்க. கண்ணு ரத்தமா இருந்துச்சு. என் கையை ஒரு தடவை பிடிச்சாங்க.

ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்தாங்க. மூணாம் நாள் காலையில போயிட்டாங்க.

வராந்தாவுல வச்சு முதலாளி எல்லார்கிட்டயும் சொன்னார். "பாவம், படிக்காத பொம்பளை. டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம கலந்துட்டா." சொல்லிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "ஆமாங்க, படிக்கத் தெரியாதவங்க"ன்னு வாயாலயும் சொன்னேன். அதைச் சொன்னதும் எனக்கு நெஞ்சு லேசாச்சு, அதுதான் கேவலம். படிக்கத் தெரியாதவங்க என் துணுக்கை எப்படிப் படிச்சிருக்க முடியும்? யாரோ சொன்னதைக் கேட்டுச் செஞ்சிருக்காங்க. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அந்த ஒரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ரெண்டு ராத்திரி தூங்கினேன்.

துக்கம் கேக்க அவங்க வீட்டுக்குப் போனேன். முன்னறை முழுக்கச் சொந்தக்காரங்க. உள்ளே நுழையும்போதே யாரோ அங்கலாய்ச்சது காதுல விழுந்துச்சு. "நாலெழுத்து படிச்சிருந்தா இப்படி உயிரை விட்டிருப்பாளா?" அக்காவோட வீட்டுக்காரர் பஸ் டிப்போவுல வாட்ச்மேன். என்னை அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை.

"துணுக்கும்மாவா?"ன்னார். "உள்ளே வாங்கம்மா."

உள்ளறையில எங்க காலண்டர்தான் தொங்கிச்சு. அதுக்குப் பக்கத்துல ஆணியில, துணி காயப்போடுற கிளிப்புல, ஒரு கத்தைத் தாள். ஜனவரி ஒண்ணுலேர்ந்து வரிசையா இருந்துச்சு. ஓரத்துல பென்சில்ல குறிப்பு வேற. நல்லா இருக்கு. இது ஏற்கெனவே வந்தது. இது சும்மா. முத்து முத்தான கையெழுத்து.

"இது யார் எழுதினது?"

"அவதான். எட்டாவதுவரைக்கும் வகுப்புலயே முதல்ல வந்தவம்மா."

"படிக்கத் தெரியும்னு எங்கிட்டச் சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா?" கோவமாக் கேக்கலை, சாதாரணமாத்தான் கேட்டார். "நீங்க ஆசையா வாசிச்சுக் காட்டுவீங்களாம். தனக்கே படிக்கத் தெரியும்னு சொன்னா உங்க முகம் வாடிடும்னு சொல்லுவா."

பதினாறு வருஷம். துடைப்பம் பிடிக்கிற கைக்கு எழுத்து தெரியாதுன்னு நானா முடிவு கட்டி வச்சிருந்தேன். ஒரு நாளும் கேக்கலை. மூணு நாள் ஊரெல்லாம் ஓடிச் சொன்னவ, பக்கத்துல கால் நீட்டி உக்காந்திருந்தவங்ககிட்டச் சொல்லலை.

அவர் கத்தையைப் புரட்டினார். "இதுல ஜூன் பதினேழு மட்டும் இருக்காதும்மா. அந்த ஆறாம் தேதி காலையில உருவி எடுத்துக்கிட்டுப் போனா. கறை போக மாட்டேங்குது, முதலாளி கத்துறார், துணுக்கும்மா எழுதினதைச் செஞ்சு பார்க்கப் போறேன்னா." முன்னறைப் பக்கம் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வந்தவங்க எல்லாம் படிக்காத முட்டாள், தெரியாம கலந்துட்டாங்கறாங்க. உங்க முதலாளியும் வந்து அதையேதான் சொல்லிட்டுப் போனார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. அதுல அப்படி எழுதியிருந்துச்சா, இல்லையா? எனக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அவ வாசிச்சதைக் கேட்டதுதான்."

தாள் போலீஸ்கிட்டயும் இல்லை, ஆஸ்பத்திரியிலயும் இல்லை. கழிவறைத் தண்ணியோட போயிருக்கும். இல்லைங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வேலை இருக்கும், அடுத்த வருஷம் முன்னூத்தி அறுபத்தஞ்சு இருக்கும். அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்துச்சு, பொய் சொல்லலை.

"எழுதியிருந்துச்சுங்க"ன்னேன். "தப்பா எழுதினது நான். அவங்க சரியாத்தான் படிச்சாங்க."

என்னை அடிப்பார்னு நினைச்சேன். அடிச்சிருந்தாத் தேவலை. அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அப்புறம் என் கையைப் பிடிச்சு, சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போற மாதிரி முன்னறைக்குக் கூட்டிட்டு வந்தார்.

"எல்லாரும் கேளுங்க"ன்னார். "இவங்க ஒண்ணு சொல்லணுமாம்."

சொன்னேன்.