பச்சை விழாத ஓட்டம்

1.

இந்தக் கதை ஒரு ரப்பர் மூடியிலிருந்து தொடங்கியது. எங்கள் ஆய்வகத்தில் யாரோ ஒரு குடுவை மூடியைச் சூட்டுத் தட்டின் மேல் மறந்து வைத்துவிட்டார்கள். புகை கிளம்பியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைத் திறக்க ஓடினார்கள். நான் மட்டும் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

"என்னடி, சென்ட் மாதிரி மோந்து பாக்குற?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

ஞாயிற்றுக்கிழமை வாசனை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நினைப்பதைச் சொல்லாமல் விடுகிற பழக்கம் எனக்கு உண்டு. எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

அப்பா அம்மாவோடு நான் இருந்த குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கார் பந்தயத் தடம் இருந்தது. (இருந்ததா, இருக்கிறதா? இந்தக் கதையின் சிக்கல் முழுவதும் அதில்தான். இப்போதைக்கு 'இருந்தது'.) வளைவே இல்லாத ஒரே நேர்க்கோடு. ஞாயிறுதோறும் இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். விளக்கு பச்சையானதும் டயர் புகையப் பாயும். நாம் சரியாக நிமிர்ந்து உட்காருவதற்குள் முடிந்துவிடும். டிராக் ரேஸ் என்பார்கள்.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பாள் அம்மா.

2.

முதல் வரிக்கு நான் முயன்றவை:

"மேகம் சூழ்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, தன் வாழ்க்கை மாறப்போவதை அவள் அறிந்திருக்கவில்லை." (அவளே அறியாததை நான் ஏன் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்? அடித்துவிட்டேன்.)

"உராய்வு என்பது இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று" (பாடப்புத்தகம். பாதியிலேயே விட்டேன்.)

"அவள் பொத்தானை அழுத்துகிறவள்."

இது நிற்கும் போலிருக்கிறது.

3.

அவள் பொத்தானை அழுத்துகிறவள். திங்கள் முதல் சனி வரை எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் நிற்பாள். மருந்துக் கடை அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறானால் ஓர் ஆரஞ்சுத் தொப்பியை மாட்டிக்கொண்டு தடத்தின் தொடக்கக் கோட்டில், இரண்டு கார்களுக்கும் நடுவே நிற்பாள். இரண்டும் கோட்டைத் தொட்டதும் கம்பத்தின் உச்சியில் சின்ன விளக்குகள் எரியும். அக்கா பொத்தானை அழுத்துவாள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. அவள் அழுத்தாமல் எந்தக் காரும் நகர முடியாது.

"தலைவலி மாத்திரை விக்கிறவளும் அவதான், தலைவலி குடுக்குறவளும் அவதான். நல்ல வியாபாரம்" என்பாள் அம்மா.

அக்காவின் அண்ணன் ஒரு மெக்கானிக். அக்காவின் கணவரும் மெக்கானிக். இருவரின் பட்டறைகளும் ஒரே தெருவில் எதிரெதிரே. ஒரு காலத்தில் ஒரே பட்டறையாக இருந்ததுதான். அண்ணன் கணவரிடம் கொடுத்த கியர்பாக்ஸ் திரும்பி வந்தபோது உள்ளே ஒரு பல் உடைந்திருந்தது. நீ உடைத்தாய் என்றார் அண்ணன். உடைந்துதான் வந்தது என்றார் கணவர். அன்றோடு பேச்சு நின்றது.

"பல்லு போனது கியர்பாக்ஸுக்கு. பேச்சு போனது இவங்களுக்கு" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி ஓட்டம் எப்போதும் இவர்கள் இருவருக்கும்தான். இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் கணவர். யாரும் அறிவித்ததில்லை, அப்படியே பழகிவிட்டது. பேச்செல்லாம் அக்கா வழியாக.

"உன் அண்ணன்கிட்ட சொல்லு. பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. அவர் கண்ணு ரோட்டப் பாக்கட்டும், என் டயர வேணாம்."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்கு? நான் என்ன டெலிபோன் கம்பியா?" என்பாள் அக்கா. சொல்லிவிட்டு அண்ணன் காருக்குக் காற்றடிக்கும் குழாயை இழுத்து வருவாள்.

4.

ஒரு சந்தேகம். முதல் வரைவில் அண்ணனை முரடராக எழுதியிருந்தேன். முறுக்கிய மீசை, உரத்த குரல், எடுத்தெறிந்த பேச்சு. கதைக்கு அது வசதி. ஒரு பக்கம் முரடர் இருந்தால் வாசகர் யார் பக்கம் நிற்பது என்று தடுமாற வேண்டியதில்லை.

ஆனால் நான் அவரை ஒருமுறை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். பந்தயம் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையாகத் தோளோடு தோள் நின்று, தடத்தில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டே நடப்பார்கள். ஒரு கூழாங்கல் கிடந்தாலும் கார் தடுமாறிவிடும். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரு ஞாயிறு நானும் சேர்ந்தேன். தடம் முழுவதும் டயர்கள் உருகிப் படிந்த ரப்பர். வெயில் ஏறினால் பிசின் மாதிரி ஒட்டும்.* நான்கு எட்டு வைத்தேன். என் செருப்பு தரையிலேயே நின்றுவிட்டது. நான் மட்டும் முன்னால் போய்விட்டேன்.

அண்ணன் குனிந்து அதைப் பிய்த்தெடுத்து, அடியில் ஒட்டியிருந்த கருப்பை நகத்தால் சுரண்டிவிட்டு நீட்டினார்.

"ரோடு உன்ன விடமாட்டேங்குது பாரும்மா" என்றார்.

வரிசையின் மறுமுனையில் கணவரும் சிரித்தார். இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் இருவருமே நிறுத்திக்கொண்டார்கள்.

மீசையை எடுத்துவிட்டேன். உண்மையில் அவருக்கு மீசையே கிடையாது.

* அந்த ஒட்டுதல் இல்லாவிட்டால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், கார் போகாது. கால் வாரிவிடும் என்று தோன்றுகிற ஒன்றுதான் முன்னால் தள்ளுகிறது. (இந்த வாக்கியத்தை உவமையாக்கப் பார்த்தேன். வேண்டாம், இயற்பியலாகவே இருக்கட்டும்.)

5.

பிறகு புகார் வந்தது. எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று எழும்பியது. அங்கே குடிவந்தவர்களுக்கு ஞாயிறு மதியம் தூங்க வேண்டியிருந்தது. அம்மா அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அதிகாரி ஒரு ஞாயிறு வந்து சத்தத்தை அளப்பார். அளவு மீறினால் தடத்தின் கேட்டைப் பூட்டுவார்கள். கருவியை வைக்க எங்கள் வீட்டு பால்கனியை அம்மாதான் முன்வந்து கொடுத்தாள்.

தடத்துக்காரர் எல்லோரையும் தகரக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். (நான் அங்கே இல்லை. இனி வருவது கொஞ்சம் கேள்விப்பட்டது, மீதி நான் கட்டியது.)

"இருக்கறதுலயே அதிக சத்தம் போடுற ரெண்டு வண்டிய ஓட்டிக் காட்டணுமாம். அது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார் தடத்துக்காரர். "சைலன்சர் மாட்டிக்கங்க. பூ மேல கால வைக்கிற மாதிரி மிதிங்க. ஒரே ஒரு தடவ மெதுவா போயிட்டு வாங்க, நாம பொழச்சோம்."

"ஓட்டாமலே விட்டுட்டா?" என்று யாரோ கேட்டார்.

"வரவே இல்லைன்னு எழுதிப் பூட்டிருவாங்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். "நான் மெதுவாத்தான் போவேன்னு சொல்லு. அவர் எவ்வளவு மெதுவா போறாரோ அவ்வளவு மெதுவா. ஒரு சாண் மட்டும் முன்னால."

கணவர் மனைவியைப் பார்த்தார். "நானும் மெதுவாத்தான் போவேன். ஆனா உன் அண்ணன் முதுகப் பாத்துக்கிட்டு போறதுக்கு நான் நடந்தே போயிருவேன்."

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

நான் படித்த படிப்புக்கு ஒரு உபயோகம் இங்கே கிடைக்கிறது. ஒன்றைவிட மற்றொன்று கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். மற்றொன்றைவிட ஒன்று கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு மேல்வரம்பே கிடையாது. அக்காவுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கணக்கு தேவைப்படவில்லை. அவள் ஒருவருக்குத் தங்கை, இன்னொருவருக்கு மனைவி.

6.

மறுநாள் கடையில் அவள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை தானாக வேலை செய்தது. எதிரெதிரே இருக்கும் இரண்டு பட்டறைகளை நினைத்தாள். ஒருவர் கதவைத் திறந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார். வீட்டு விசேஷங்களுக்கு ஒருவர் வந்து போன பிறகுதான் மற்றவர் வருவார். உலகத்தில் இருவரும் கையெட்டும் தூரத்தில் நிற்கிற இடம் ஒன்றே ஒன்று. இரண்டு தடங்களுக்கு நடுவே அவள் நிற்கிற அந்த ஒரு கோடு. அந்தக் கேட்டைப் பூட்டிவிட்டால் அண்ணனும் கணவரும் இனி ஒரே பக்கம் முகம் வைத்து நிற்கக் காரணமே இருக்காது.

"இருமல் மருந்து கேட்டேன்மா, வயித்துப்போக்கு மாத்திரை குடுக்குற" என்றார் வாடிக்கையாளர்.

"ரெண்டும் நிக்கணும்னுதான குடுக்குறது" என்று சொல்லி மாற்றிக் கொடுத்தாள்.

7.

முடிவு ஒன்று: அக்கா பொத்தானை அழுத்துகிறாள். இரண்டு கார்களும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவதுபோல் பதனமாகப் போகின்றன. அதிகாரி புன்னகைக்கிறார். தடம் பிழைக்கிறது.

(எழுதி முடித்து வாசித்தேன். இவர்கள் இருவரையும் பார்த்தே இராத யாரோ எழுதியதுபோல் இருந்தது.)

முடிவு இரண்டு: அக்கா பொத்தானை அழுத்துகிறாள். ஒரு சாண் முன்னால், அதைவிட ஒரு சாண் முன்னால். சைலன்சர் ஒன்று கழன்று தெறிக்கிறது. எங்கள் வீட்டுக் கண்ணாடிகள் அதிர்கின்றன. ஓட்டம் முடிந்து அண்ணனும் கணவரும் இறங்கி நிற்கிறார்கள், தாங்கள் செய்ததைப் புரிந்துகொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்க

(வேண்டாம். அந்த முகத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

8.

இனி நான் பார்த்தது.

அதிகாரி மெலிந்த மனிதர். கருவியை முக்காலியில் பொருத்தி, "யாரும் பேசக் கூடாது" என்றார். எனக்கு அது சுலபம். அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் பால்கனியிலிருந்து தடம் தூரம். எப்போதும் பச்சை முதலில் தெரியும். சத்தம் ஒரு மூச்சு தாமதித்து வந்து சேரும். அந்த ஒரு மூச்சுக்குள்தான் நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். (விடுமுறையில் பரீட்சைக்குப் படிக்கிறவளுக்குச் சனிக்கிழமையே பஞ்சு வாங்கி வைக்க வேண்டியிருந்தது. விற்றவள் அக்காதான்.) அன்றும் பஞ்சைக் கையில் உருட்டி வைத்திருந்தேன்.

கார்கள் கோட்டுக்கு வந்தன. கம்பத்தின் உச்சியில் சின்ன விளக்குகள் எரிந்தன. இடப்பக்க இன்ஜின் லேசாக உறுமியது. வலப்பக்க இன்ஜின் அதைவிடக் கொஞ்சம் கூட உறுமியது. இடப்பக்கம் இன்னும் கொஞ்சம்.

மஞ்சள் எரியவில்லை.

ஆரஞ்சுத் தொப்பி பொத்தானிலிருந்து விலகியது. ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் போய் உட்கார்ந்தது. கைகளைக் கட்டிக்கொண்டது.

"என்ன, விளக்கு ரிப்பேரா?" என்றார் அதிகாரி, தான் போட்ட விதியைத் தானே மீறி.

கார்கள் காத்திருந்தன. உறுமல் தணிந்தது. பச்சைக்கு முன்னால் நகர்ந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் தோல்வி. இருவரும் அந்தத் தோல்விக்குப் பயந்தவர்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

பிறகு வலப்பக்கக் காரின் கண்ணாடி இறங்கியது. சற்றுப் பொறுத்து இடப்பக்கக் கண்ணாடியும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் சமையலறையில் குக்கர் விசிலடித்தது. கருவியின் முள் துள்ளிப் படுத்தது. அதிகாரி அம்மாவைப் பார்த்தார்.

"அத எழுதிராதீங்க சார்" என்றாள் அம்மா.

9.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தூரத்துக்குக் குரல் வந்து சேராது. பேசியிருக்கலாம் என்று நான் நினைப்பது:

"உங்க தங்கச்சிக்கு என்ன ஆச்சு?"

"உங்க வீட்டுக்காரி. நீங்கதான் போய்க் கேக்கணும்."

"என் பேச்ச எங்க கேக்குறா."

"எங்க வீட்டுல இருந்தப்ப என் பேச்ச மட்டும் கேட்டாளாக்கும்."

(இங்கே ஒரு மௌனம் எழுதினேன். நீளமாக இருந்தது. பாதியாகக் குறைத்தேன்.)

"பின் டயர்ல காத்து இன்னைக்கும் கம்மிதான், மச்சான்."

"தெரியும் மாப்ள. வேணும்னேதான் கம்மி பண்ணேன். பிடிமானம் கூடும்."

"அடப்பாவி. இத்தன வருஷமா அதுவா?"

'மச்சான்' என்று அவர் சொன்னாரா? சொல்லியிருப்பாரா? ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். எடுத்தேன், மறுபடி வைத்தேன், மறுபடி எடுத்தேன். இப்போது இருக்கிறது. அடுத்து என்ன நடந்தது என்பது மட்டும் நான் கண்ணால் கண்டது: இன்ஜின்கள் அணைந்தன. அண்ணன் இறங்கினார். கணவர் இறங்கினார். அண்ணனின் காருக்குப் பின்னால் போய் இருவரும் குந்தி உட்கார்ந்து ஒரே டயரை அழுத்திப் பார்த்தார்கள். ஆரஞ்சுத் தொப்பி வாளியை விட்டு அசையவில்லை.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஓட்டமே இல்லாம நான் என்னத்த எழுதுறது?" என்றார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். நான் பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

10.

அவர் என்ன எழுதினார் என்று கேட்பீர்கள். இருந்ததா, இருக்கிறதா என்று கேட்பீர்கள்.

அடுத்த சனிக்கிழமை மருந்துக் கடைக்குப் போனேன். ஏன் அழுத்தவில்லை என்று அக்காவிடம் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றதும் இருமல் மிட்டாய் கேட்டேன். எனக்கு இருமல் இல்லை.

அக்கா மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். தெருவுக்கு அப்பால் ஏதோ ஒரு பட்டறையில் இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. எந்தப் பட்டறை என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒரு பஞ்சுச் சுருளை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமைக்குப் பஞ்சு வேணுமா, வேணாமா?" என்றாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதிவைத்திருந்தேன். இந்தப் பத்தியில்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். இப்போது நான் இருக்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகள் அமைதியானவை. இங்கே யாருக்கும் பஞ்சு தேவைப்படுவதில்லை. நன்றாகத் தூங்கலாம். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

சுருள் மேசை மேல் இருக்கிறது. அக்கா காத்திருக்கிறாள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.