நாற்பதிலும் நின்றது, எழுபத்தேழிலும் நின்றது

“மொதல்ல பேஸ்மென்ட்டைக் காட்டுங்க” என்றேன்.

கேட்கவே கூடாது என்று என் அலுவலகத் தோழி இலிங்கா எனக்குச் சொல்லி அனுப்பிய ஒரே விஷயம் அதுதான். வாடகையைக் கேள், வெந்நீர் ஒழுங்காக வருமா என்று கேள், பக்கத்து வீட்டுக்காரன் குடித்துவிட்டுக் கத்துவானா என்றுகூடக் கேள். ஆனால் புக்கரெஸ்டின் நகர மையத்தில், பெரிய மனிதர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தூண் எப்படி இருக்கிறது, பேஸ்மென்ட்டைத் திற என்று மட்டும் கேட்டுவிடாதே. “கல்யாண வீட்ல போய், பொண்ணுக்கு இதுக்கு முன்னாடி யாரோடயாவது பழக்கமான்னு கேப்பியா? அந்த மாதிரி அது” என்றாள்.

கேட்டுவிட்டேன். என் கன்னத்தில் முத்தமிடக் குனிந்த ஒர்தான்சா அம்மையாரின் முகம் பாதி வழியில் நின்றது. அவருக்குப் பின்னால் நின்ற ஹோரியா, என் முதலாளி, அம்மையாரின் அண்ணன் மகன், தொண்டையைச் செருமினார்.

“பேஸ்மென்ட்லயா குடியிருக்கப் போறே கண்ணு?” என்றார் அம்மையார். “உனக்கு நாலாவது மாடி. மேல வா. ஜாம் எடுத்து வச்சிருக்கேன்.”

நான் வாஸ்லுய் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். யாஷ் நகரில் கட்டிடப் பொறியியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் ஹோரியாவின் அலுவலகத்தில் வேலை கிடைத்துத் தலைநகருக்கு வந்தேன். வந்த நாள் முதல் ஒரு பெண்கள் விடுதியில், தூக்கத்தில் பேசும் மூன்று பேரோடு படுக்கிறேன். வீடு பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் தேவை. ஆனால் இந்த ஊரில் வீடு பார்ப்பது என்பது சுவரும் கூரையும் பார்ப்பதல்ல.

இங்கே உன் பெயரைக் கேட்பதற்கு முன்னால் “எந்த ஏரியா?” என்று கேட்பார்கள். தொரோபான்ட்ஸ் என்றால் காசு இருக்கிறது, கார் நிறுத்த இடமில்லை. கொத்ரொச்சேன் என்றால் தாத்தா வக்கீல், கூரை ஒழுகுகிறது, இருந்தாலும் தாத்தா வக்கீல். திதான் என்றால் பரவாயில்லை, பூங்காவாவது இருக்கிறது. பெர்ச்சேன் என்றால், “ஐயோ, அங்கேருந்து தெனமும் எப்படி வருவே?” மெட்ரோவில்தான் வருவேன். கழுதை மேலா வருவேன்?

பெர்ச்சேனில் ஒரு வீடு நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரின் வீடு. சாம்பல் நிறக் கான்கிரீட் பலகைகளை அடுக்கி எழுப்பிய நீளமான அடுக்குமாடி. பார்க்க அழகென்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். பேஸ்மென்ட்டைப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் சாவியைத் தூக்கிப் போட்டார். “பாத்துக்கோம்மா, கோஸ் ஊறப்போட்ட பீப்பாய் இருக்கு, இடிச்சுக்காதே” என்றார். கீழே போனேன். குறுக்குச் சுவர்கள் எல்லாம் ஒழுங்காக, வரைபடத்தில் இருப்பது போலவே நின்றன. கோஸ் நாற்றம் மூக்கைத் துளைத்தது. விரிசல் இல்லை.

அதை அலுவலகத்தில் சொன்னதுதான் தப்பு. எங்கள் பக்கத்து வாயில் ‘ச்ச’ வராது, ‘ஷ’தான் வரும். மதியச் சாப்பாட்டு மேசையில் இலிங்கா எனக்குப் பாடம் எடுத்தாள்.

“எங்க, சொல்லு பாப்போம். பெர்ச்சேன்.”

“பெர்ஷேன்.”

மேசையே சிரித்தது. “அங்கெல்லாம் குடி போகாதே செனோவியா. பேரே உன் வாயில வர மாட்டேங்குது” என்றாள்.

அன்று மாலையே ஹோரியா என் மேசைக்கு வந்தார். “என் ஆபீஸ் இன்ஜினியர் பெர்ச்சேன்ல பெட்டிக்குள்ள படுத்துக் கெடந்தா, கஸ்டமர் என்ன நெனப்பான்? எங்க அத்தைக்கு நடு ஊர்ல கட்டிடம் இருக்கு. உனக்காக வாடகையைக் கொறச்சுத் தரச் சொல்றேன்.” பிறகு, போகிற போக்கில், “உன் வேலையை நிரந்தரமாக்கற ஒப்பந்தம் திங்கக்கிழமை. மொதல்ல அத்தை வீட்டை முடி. அப்புறம் கையெழுத்துப் போடலாம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இந்த ஊரில் மிரட்டல் சிரித்துக்கொண்டேதான் வரும்.

ஆக, வீடு வேண்டாம் என்றால் வேலை இல்லை. இது எனக்குத் தெளிவாகப் புரிந்துதான் அந்த வாசலில் போய் நின்றேன்.

வாசல் தூணில், கண் மட்டத்தில், நான்கு ஆணித் துளைகள் இருந்தன. நடுவில் ஒரு தட்டு அளவுக்கு மட்டும் பூச்சு சுத்தமாக, வெயில் படாத தோல் போல இருந்தது. அது என்ன என்று இந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். பெரிய நிலநடுக்கம் வந்தால் முதலில் விழும் என்று கணித்த கட்டிடங்களின் வாசலில் நகராட்சி ஒரு சிவப்பு வட்டத் தகட்டை அடித்து வைத்திருக்கிறது. பொட்டு என்போம். பொட்டு வைத்த வீடுகள்தான் ஊரிலேயே அழகான வீடுகள். அதுதான் வேடிக்கை.

“இங்க இருந்த பொட்டு எங்கே?” என்று படியேறும்போது கேட்டேன்.

“சினிமாக்காரங்க கழட்டினாங்க கண்ணு” என்றார் அம்மையார், கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கியபடி. “முப்பதுகள்ல நடக்கற கதையாம். பொட்டு கேமராவுல தெரியுதுன்னு எடுத்துட்டாங்க.”

“படம் முடிஞ்சதும் திருப்பி மாட்டலையா?”

“ஸ்க்ரூ தொலஞ்சு போச்சு.”

ஹோரியா சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அவரும் கட்டிடப் பொறியாளர்தான். கடையில் ஸ்க்ரூ கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும்.

நாலாவது மாடி. ஒத்துக்கொள்கிறேன், அப்படி ஓர் அறையில் நான் அதுவரை நின்றதில்லை. கூரை எங்கேயோ இருந்தது. கதவுக் கைப்பிடிகள் பித்தளை. அம்மையார் குட்டித் தட்டில் ஒரு கரண்டி செர்ரி ஜாமும் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரும் வைத்தார். பிறகு, நான் எதிர்பார்த்த வசனம் வந்தது.

“நாப்பதுல நின்னுச்சு. எழுபத்தேழுல நின்னுச்சு. எங்கப்பா கட்டினது, கண்ணு. எழுபத்தேழுல எதிர்வாடைக் கட்டிடம் அப்படியே உக்காந்துடுச்சு. எங்க வீட்ல ஒரே ஒரு சூப் கிண்ணம் உடஞ்சுது. அதுவும் வேலக்காரி தட்டி விட்டான்னுதான் நான் இன்னிக்கும் சொல்வேன்.”

எதிர்வாடையில் செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சூப் கிண்ணம் வந்தது. நகர மையத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பாட்டுத்தான். 1940, 1977 என்று ஊரை உலுக்கிய இரண்டு நிலநடுக்கங்களையும் இரண்டு பதக்கங்களாகச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறார்கள். எங்கள் ஊர் வீடு மண்ணும் வைக்கோலும் பிசைந்து கட்டியது. மழைக்கு ஒழுகும், அதன் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. ஆனால் பூமி லேசாக ஆடினாலே அப்பா விளக்கை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகப் பார்ப்பார். சுவரில் கோடு தெரிந்தால் அன்று எல்லாருக்கும் படுக்கை முற்றத்தில். நாலு வகுப்பு படித்த மனுஷனுக்கு இருந்த அந்தப் பயம், பியானோ வைத்திருக்கிறவர்களுக்கு இல்லை.

“கம்பியை ரெண்டு தடவை வளச்சு நிமித்தினா அது பலசாலி ஆயிடாதுங்க” என்றேன். “மூணாவது தடவை எந்த எடத்துல முறியணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.”

“பாரு, எப்படிப் பேசறா!” அம்மையார் கைதட்டிச் சிரித்தார். “உன் ஊர்க்காரங்களுக்கு வாய் ஜாஸ்தி. ஹோரியா, இவளுக்கு அந்த ‘ஷ’வை மட்டும் சரி பண்ணிவிடுடா. மத்தபடி நல்ல பொண்ணு.”

பியானோ சுவரை ஒட்டி இல்லாமல், கொஞ்சம் சாய்வாக நின்றது. எழுந்து போய் அதன் பின்னால் கையை விட்டேன். புது வண்ணப்பூச்சு. அதற்குக் கீழே, குறுக்காக இறங்கும் ஒரு வெடிப்பு. என் சுட்டுவிரல் நகம் மறைய உள்ளே போனது. எடுத்து, விரலில் ஒட்டிய சுண்ணாம்பை ஹோரியாவிடம் காட்டினேன். அவர் கைக்குட்டையை நீட்டினார். அவ்வளவுதான் அவருடைய பொறியியல்.

“கீழ கேக் கடை முகப்பு முழுக்கக் கண்ணாடியா இருக்கே சார், நடுவுல தூண் இருந்திருக்கணுமே?”

“அது பழைய விஷயம். கடைக்காரர் அலங்காரத்துக்காக என்னமோ பண்ணினாரு.”

“தூணை வெட்டினா அதுக்கு அலங்காரம்னு பேரா? மேல இருக்கற மாடியெல்லாம் எது மேல நிக்குது? கேக்கு மேலயா?”

“செனோவியா.” குரல் தாழ்ந்தது. “திங்கக்கிழமைன்னு ஒண்ணு இருக்கு. மறந்துடாதே.”

மறக்கவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் நினைத்தேன். விடுதி. வேலையில்லாமல் ஊருக்குப் போய் இறங்கினால் அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்பார்கள். படிக்க வச்சு என்ன கண்டீங்க என்பார்கள். ஒரு வருஷம் மட்டும் இருந்துவிட்டு மாறிக்கொள்ளலாமே, ஒரே வருஷத்திலா விழுந்துவிடப் போகிறது என்று, சத்தியமாக, ஒரு நிமிஷம் நானும் அவர்களைப் போலவே கணக்குப் போட்டேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. அம்மையார் எடுத்தார். காது மந்தம், தெருவுக்கே கேட்கும்படிதான் பேசுவார்.

“ஆமாங்க, ரெண்டாவது மாடி இன்னும் விக்கல... பொட்டா? எங்க பொட்டு? வாசல்ல வந்து பாருங்க, ஒண்ணும் கெடையாது... பயமா? என்னங்க, நாலாவது மாடிக்கு ஒரு இன்ஜினியரே குடி வர்றா! கட்டிட இன்ஜினியர், எங்க ஹோரியா ஆபீஸ்ல இருக்கா. ஆபத்துன்னா அவ வந்து படுப்பாளா, சொல்லுங்க?... நாளைக்கு வாங்க. அவளையே அறிமுகப்படுத்தி வைக்கறேன்.”

ரிசீவரை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல, “இன்னொரு கரண்டி ஜாம்?” என்றார்.

கம்யூனிஸ்டுகள் பிடுங்கிய கட்டிடத்தில் வாடகைக்காரராகவே இருந்து, பிறகு வழக்காடித் திரும்ப வாங்கியவர் அவர். மாடி மாடியாக விற்றுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். குறைந்த வாடகையை முதலாளியின் பெருந்தன்மை என்று நினைத்தது என் மடத்தனம். வாசலில் பொட்டைக் கழற்றிய இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே மாட்ட அவர்களுக்கு ஒரு தகடு வேண்டும். டிராக்டர் ஓட்டுகிறவர் மகள், பட்டம் வாங்கியவள், ஸ்க்ரூகூடத் தேவையில்லை; வேலை ஒப்பந்தம் போதும், ஆடாமல் நிற்பாள்.

“சார், நீங்க எங்க தூங்கறீங்க?” என்றேன்.

“என்னது?”

“ராத்திரி. எந்த வீட்ல தூங்கறீங்க?”

“ஊருக்கு வெளிய. உனக்குத் தெரியுமே. புது வீடு.”

“இங்கதான் பொறந்து வளந்தேன்னு சொன்னீங்க. இவ்வளவு உசரக் கூரை, பித்தளைக் கைப்பிடி, நாப்பதுலயும் நின்னுச்சு, எழுபத்தேழுலயும் நின்னுச்சு. ஏன் போனீங்க?”

“புள்ளைங்க ஸ்கூலு அந்தப் பக்கம்.”

“ஸ்கூலா, தூணா?”

அவர் முகம் சிவந்தது. “உனக்கு நல்லது பண்ண நெனச்சேன் பாரு. நாகரிகமான ஏரியாவுல கொண்டு வந்து வச்சா, கோஸ் பீப்பாய்தான் வேணும்னு நிக்கறே. எங்கிருந்து வந்தியோ அந்த வாடை போகாது.”

“போக வேணாம் சார். சுண்ணாம்பு வாடைக்கு அது எவ்வளவோ மேல்.”

தட்டில் மிச்சமிருந்த ஜாமைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, வீணாக்கும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. தண்ணீரையும் குடித்தேன். பிறகு கைப்பையை எடுத்தேன்.

“திங்கக்கிழமை நான் வரல. கையெழுத்தை நீங்களே வச்சுக்குங்க.”

“உனக்கு வேற எவன் வேலை குடுப்பான்?”

“இந்த ஊர்ல வெடிப்புக்கா பஞ்சம்? எவனாவது ஒருத்தன் பாத்துச் சொல்ல ஆள் தேடுவான்.” அம்மையார் பக்கம் திரும்பினேன். “நாளைக்கு வர்றவங்ககிட்ட இன்ஜினியர் பொண்ணு வந்து பாத்தா, விரலை உள்ள விட்டா, போயிட்டான்னு சொல்லுங்க. மறந்துட்டா வாசல்ல நின்னு நானே சொல்றேன்.”

அம்மையாரின் உதட்டில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. “எங்கடி போகப் போறே?”

கைபேசியை எடுத்துப் பெர்ச்சேன் வீட்டுக்கு அழைத்தேன். டிராம்காரர் எடுத்தார், பின்னால் எதையோ வதக்கும் சத்தம். “நான் செனோவியா. அன்னிக்கு பேஸ்மென்ட் பாத்தேனே, அந்தப் பொண்ணு. வீடு எனக்குத்தான். இப்பவே வர்றேன்.”

“வாம்மா. பீப்பாயை நகத்தணுமா?”

“வேணாம். இருக்கட்டும்.”

நான் கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து அம்மையாரின் குரல் வந்தது. “பெர்ச்சேனா? அங்கயா? மொதல்ல அதைச் சொல்லக் கத்துக்கிட்டுப் போடி!”

“பெர்ஷேன்” என்றேன், படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கும்படி. இறங்கினேன்.