ஆளில்லாத வார்த்தை

தையல் கடையில் காஜா எடுக்கும்போது மருமகளின் வாய் சும்மா இருப்பதில்லை. கை பாட்டுக்குச் சட்டையின் பட்டன் துளையைச் சுற்றி நூலை இழுக்கும். வாய் பாட்டுக்கு முணுமுணுக்கும். எதிர் மேசையில் துணி வெட்டிக்கொண்டிருந்த மாமியாருக்கு இது ரொம்ப நாளாகவே உறுத்தல். தன்னைத்தான் திட்டுகிறாளோ என்று சந்தேகம். திட்டத்தான் செய்தாள். என்ன, ஆங்கிலத்தில்.

கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான சொற்கள் அவை. ஒன்றாவது வாயில் நுழைய வேண்டுமே! நேற்றுப் படித்தது இன்றைக்கு மறந்துபோகும். அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் தெரிந்த ஆள் ஒருவரின் தலையில் கட்டிவிட்டாள். கஞ்சத்தனத்துக்கான பார்சிமோனியஸ் நாத்தனாருக்குப் போனது. ஓயாமல் பேசுகிறவருக்கான கேருலஸ், பக்கத்துக் கடை சலூன்காரருக்கு. ஆளை நினைத்தால் அர்த்தம் தானாக வந்து நிற்கும்.

தேர்வு ஒரே ஒரு தடவைதான் என்று மாமியார் முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள். தேறினால் கல்லூரி, இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் தையல் மெஷின். லாரி ஓட்டும் கணவனோ அம்மா பேச்சுக்கு மறுபேச்சு பேசுகிற ஆளில்லை.

ஒருநாள் மாமியார் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, என்ன முணுமுணுப்பு என்று நேராகவே கேட்டாள். மருமகள் மழுப்பிப் பார்த்தாள், பருப்பு வேகவில்லை. யார் யாருக்கு என்ன வார்த்தை என்று விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு என்ன வச்சிருக்க?"

வசமாக மாட்டிக்கொண்டாள். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து எதுவும் வரவில்லை.

"கேன்டாங்கரஸ், அத்தை. எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்கிறவங்க."

போச்சு, படிப்பும் போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். மாமியார் கத்திரியை மறுபடி கையில் எடுத்தாள். பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றாள். ஆனால் பெற்ற மகளை விட்டுக்கொடுப்பாளா? அவளைவிடப் பெரிய கஞ்சன் தன் தம்பிதான், பார்சிமோனியஸை அவனுக்கு மாற்று என்றாள்.

அன்றிலிருந்து கடை களைகட்டியது. மருமகள் அர்த்தம் சொன்னால் போதும், மாமியார் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவாள். சொந்தபந்தம், வாடிக்கையாளர்கள், செத்துப்போன மாமனார் வரை ஒருவரும் தப்பவில்லை. மேக்னானிமஸ் என்ற வார்த்தையில் மட்டும் வண்டி நின்றுவிட்டது. தன்னை நோகடித்தவரிடமும் பெருந்தன்மையாக நடந்துகொள்பவர் என்று அர்த்தம். மாமியாரும் யோசித்து யோசித்துப் பார்த்தாள். நம் குடும்பத்தில் அப்படி ஒரு ஜென்மமும் கிடையாது, விட்டுத்தள்ளு, அது தேர்வில் வராது என்றாள்.

வந்தது. கீழே நான்கு அர்த்தங்கள். மற்ற வார்த்தைகளுக்கெல்லாம் ஆட்கள் வரிசைகட்டி வந்தார்கள். இதற்கு மட்டும் ஒருவரையும் காணோம். மருமகள் கண்ணை மூடினாள். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்த ஒரு கை தெரிந்தது. விடையைக் குறித்தாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்தால் வாசலில் மாமியார். பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடக்கிற நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். எப்படி எழுதினாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"அந்த ஆளில்லாத வார்த்தை வந்துச்சா?"

"வந்துச்சு, அத்தை."

"யாரை நெனச்சு எழுதுன?"

"உங்களைத்தான்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள்.

"அப்ப அது தப்பாத்தான் போயிருக்கும். போனாப் போகுது, அடுத்த தடவைக்கு வேற ஆளைப் பார்த்து வச்சுக்க."

அடுத்த தடவை என்று அவள் வாயாலேயே வந்ததை மருமகள் கவனித்தாள். கூடவே நடந்தாள்.