நாற்பத்தொரு நாள் காய்ச்சல்

"சார், செல்லக்கண்ணுவ வகுப்புக்கு அனுப்புங்க" என்றேன்.

தலைமையாசிரியர் வேலாயுதத்திடம் இதைக் கேட்கவே கூடாது என்று, சிங்கப்பூரில் தேக்கா பக்கத்திலிருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த அன்றே சொல்லிவைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புச் செல்லக்கண்ணு அவர் வீட்டில் அவருடைய இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் அவளுக்கு நாற்பத்தொரு நாளாகக் காய்ச்சல்.

பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி, அன்று மாலை பெற்றோர் கூட்டத்தில் அவர் பேசவிருந்த உரை மேசைமேல் கிடந்தது.

"உடம்பு சரியில்லாத புள்ளைய எப்படிம்மா அனுப்புறது?"

"காலையில உங்க சட்டையக் காயப்போட்டுக்கிட்டு நின்னா சார். உங்களவிட நல்லாத்தான் இருந்தா."

"பி.ஏ. படிச்ச திமிரு உனக்கு லா!"

"எங்க குடும்பத்துக்கே சேர்த்து நான் ஒருத்திதான் படிச்சிருக்கேன். கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அடுத்த வாரம் பரீட்சை சார். எழுதலேன்னா மறுபடியும் மூணாவதுதான். ஏற்கெனவே ரெண்டு வருஷமா அதே பெஞ்சு."

"அவ இங்க வந்துட்டா என் ரெண்டு புள்ளைங்கள யாரு பார்க்குறது?"

வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டு, உரையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

பதிவேட்டில் 'காய்ச்சல்' என்றிருந்ததைக் கோடிட்டு அடித்தேன். பெயர்ப் பட்டியலின் கடைசியில் இரட்டையர் பெயர்களையும் எழுதினேன்.

"என்னம்மா பண்ணுற? அதுங்களுக்கு ஒரு வயசுகூட ஆகல!"

"பரவாயில்ல சார். முன் பெஞ்சு காலியாத்தான் இருக்கு."

குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் பக்கம் நடந்தேன்.