ஒரு தடவைதான் போட வேண்டும்

படகு கணக்கெடுப்புக்கு நட்ட மூன்றாவது கம்பத்தருகே நின்றதும் ஆர்டிஸ் அண்ணி டேப் ரெக்கார்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் விஸ்கான்சின் சதுப்பில் ரென் என்கிற சின்னக் குருவிகளைக் கணக்கெடுக்க ஒவ்வொரு ஜூன் மாதமும் அண்ணனும் அவளும்தான் வருவார்கள். மார்ச்சில் அண்ணன் வெண்டல் இறந்துபோனான். இந்த வருஷம் துடுப்புப் போட நான் வந்தேன்.

குருவிப் பாட்டை அரை நிமிஷம் ஒலிக்கவிட வேண்டும். வேறொருவன் தன் இடத்துக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்து, சம்புப் புல்லுக்குள் இருக்கும் ஆண்குருவி பதிலுக்குப் பாடும். ஐந்து நிமிஷம் கேட்டு எழுதிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஓரிடத்தில் ஒரு தடவைதான். அதற்கு மேல் போட்டால் அது கூடு கட்டுகிற வேலையை விட்டுவிட்டு எதிரியைத் தேடி அலையும். அண்ணன் இதில் ஈவிரக்கம் பார்க்காதவன். வேடிக்கை பார்க்க வந்த பாதிரியார் இரண்டாவது தடவை பொத்தானை அமுக்கியதற்கு, அவரைக் கரையில் இறக்கிவிட்டு வந்தவன்.

அண்ணி பொத்தானை அமுக்கினாள். பாட்டுக்கு முன்னால் அண்ணன் குரல் வந்தது.

"சத்தம் போடாத ஆர்டிஸ், இப்போ பாடுவான் பாரு."

பத்தொன்பது வருஷத்துக்கு முன் இதே இடத்தில் அவனே பதிவு செய்தது. போட்டோவுக்கு நிற்பான், எதிலும் பேசி வைத்தவன் இல்லை. அவன் குரலென்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

சம்புக்குள்ளிருந்து தையல் மெஷின் ஓடுகிற மாதிரி பதில் வந்தது. டேப்பில் இருந்த அதே பாட்டு, அதே வரிசையில்.

அண்ணி பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். நான் தடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் தடுக்கவில்லை. எனக்கும் அவன் குரலைக் கேட்க வேண்டியிருந்தது.

நாலாவது தடவை குருவி வெளியே வந்துவிட்டது. வாலைத் தூக்கிக்கொண்டு படகை ஒட்டிய தண்டில் உட்கார்ந்தது. அலகில், கூட்டுக்கு எடுத்த ஈர இலை. பாட வாயைத் திறந்ததும் இலை தண்ணீரில் விழுந்தது.

"இவன் வேலையக் கெடுக்கறேனா?"

"ஆமா அண்ணி."

"உங்க அண்ணன் இருந்தா என்னைத் தண்ணியில தள்ளியிருப்பாரு."

"தள்ளிட்டு, அவனே குதிச்சுத் தூக்கியிருப்பான்."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ரெக்கார்டரை என்னிடம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்க நோர்பர்ட். நான் கேட்டாலும் தராத."

கணக்கெடுப்புப் படிவத்தில் 'எத்தனை தடவை' என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதினாள். "அவருக்குப் பொய் எழுதினா பிடிக்காது."

வழக்கம்போல ஐந்து நிமிஷம் காதுகொடுத்துக் கேட்டோம். குருவி என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்து ஒருமுறை பாடியது. தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. மறுபடி பாடியது.